மூன்று சீசன் பொறுங்கள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இன் டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) முன்னால் எடுக்கப்பட்டவரை முதல் வருடமே ‘சொதப்பல்’ என்று எழுதிவிடாதீர்கள். என் நோட்டில் மூன்று சீசன்வரை பென்சிலில் கேள்விக்குறிதான். ஒப்பந்தத்தை ஐந்தாம் வருடத்துக்கு நீட்டிப்பதா என்பதை அணியே அப்போதுதான் முடிவு செய்கிறது.

2005-இன் முதல் தேர்வு அலெக்ஸ் ஸ்மித். அறிமுக சீசனில் அவர் எறிந்த பந்தில் வந்த டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்) 1, எதிரணி பறித்த பந்து 11. அதே ஆள் 2011 சீசனில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியை என்எஃப்சி (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார்!

காயத்தைத் தனியே வையுங்கள். 1995-இன் முதல் தேர்வு கி-ஜானா கார்ட்டருக்கு முதல் சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் போய்விட்டது. அவரைச் சொதப்பல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஜமார்கஸ் ரஸல் வேறு. 2007-இன் முதல் தேர்வு. ஓக்லண்ட் அணிக்குத் தொடக்க வீரராக 25 ஆட்டம், 7 வெற்றி. 2010-இல் விடுவித்தார்கள். அப்புறம் எந்த என்எஃப்எல் அணிக்கும் அவர் ஆடவில்லை. அங்கே பேனாவை எடுத்தேன்.