கெர்னல் அப்டேட்: ரீபூட் போடும் முன் /பூட்-ஐ ஒருமுறை பாருங்கள்

உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், அதன் மையப் பகுதியான கெர்னலுக்கு அப்டேட் போட்டேன், ரீபூட் கொடுத்தேன், டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தால் திரையில் "கெர்னல் பேனிக்", அதாவது கெர்னல் மேலே ஓட முடியாமல் நின்றுவிட்டது. சிஸ்டம் கோப்புகள் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய (இணைக்க) முடியவில்லையாம். டிஸ்க் போச்சு என்றே நினைத்தேன். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, கெர்னல் கோப்புகள் இருக்கும் /பூட் ஃபோல்டர் நிரம்பிப்போய், புது கெர்னல் தொடங்கும்போது டிஸ்க்கை அணுக உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாகவே இல்லை, அவ்வளவுதான்.

பேக்கப் எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். டெர்மினலில் யூநேம் -ஆர் அடித்து, இப்போது ஓடும் கெர்னலின் பதிப்பு எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஆனால் திரும்பி வர வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது டிஎஃப் -ஹெச் /பூட், அங்கே எவ்வளவு இடம் காலி என்று காட்டும். என்கிரிப்ஷனோடு நிறுவியவர்களுக்கு /பூட் பெரும்பாலும் தனி பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி), அதுவும் சின்னது. ஒரு இனிட்ராம்எஃப்எஸ் கோப்பே 100 எம்பியைத் தாண்டலாம், அதைப் புதுப்பிக்கும்போது பழையதை வைத்துக்கொண்டே பக்கத்தில் புதியதை எழுதுவதால் கொஞ்ச நேரத்துக்கு இரண்டுக்கும் இடம் வேண்டும். 250 எம்பி காலியில்லாமல் நான் ஆரம்பிப்பதில்லை.

இடமில்லை என்றால் தேவையற்ற பழைய பேக்கேஜ்களை நீக்கும் சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ். நான் மாட்டியது இங்கேதான். எத்தனை முறை அடித்தாலும் நீக்க எதுவும் இல்லை என்றே சொன்னது, /பூட்டிலோ நான்கு பழைய கெர்னல்கள் உட்கார்ந்திருந்தன. காரணம், அவற்றை ஒரு காலத்தில் பதிப்பு எண்ணோடு பெயர் சொல்லி நானே நிறுவியிருந்தேன். அப்படிச் செய்தால் 'மேனுவல்' என்று குறி விழுந்துவிடும், ஆட்டோரிமூவ் அதைத் தொடாது. ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் அடித்தால் பட்டியல் வரும். அதில் லினக்ஸ்-இமேஜ் என்று தொடங்கி பதிப்பு எண்ணோடு இருப்பவற்றில், இப்போது ஓடும் எண்ணை விட்டுவிட்டு மற்றதை ஆப்ட் பர்ஜ் போட்டு நீக்குங்கள். தயவுசெய்து /பூட்டுக்குள் போய் ஆர்எம் போட்டுக் கோப்புகளை அழிக்காதீர்கள், பேக்கேஜ் இன்னும் இருப்பதாகவே டிபிகேஜி (பேக்கேஜ் கணக்கை வைத்திருக்கும் நிரல்) நினைத்துக்கொண்டிருக்கும்.

சரி, இனி ஆப்ட் அப்டேட், அப்புறம் ஆப்ட் அப்கிரேட். பழைய குறிப்புகளில் உள்ள ஆப்ட்-கெட் அப்கிரேட் வேண்டாம், அது புதுப் பேக்கேஜ் எதையும் சேர்க்காது, அதனால் கெர்னல் அப்படியே நிற்கும். ஐகானைச் சொடுக்கி அப்டேட் செய்வதும் எனக்குப் பிடிக்காது, பிழைச் செய்தி கண்ணில் படாமலே போய்விடும். கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். டிவைஸில் இடமில்லை என்று எங்காவது வந்திருந்தால் ரீபூட் கூடாது; இடத்தைக் காலி செய்துவிட்டு, பாதியில் நின்ற நிறுவலை முடிக்க சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ.

ரீபூட்டுக்கு முன் இன்னொன்று: கணினி தொடங்கும்போது கெர்னலை ஏற்றும் நிரலான கிரப். /இடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பில் டைம்அவுட் ஸ்டைலை 'மெனு' என்றும் டைம்அவுட்டை 5 என்றும் மாற்றி, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் மெனுவை வரவைக்க அவசரத்தில் எஸ்கேப்பைத் தட்டுதட்டென்று தட்டி, கட்டளைக்காகக் காத்திருக்கும் வெறும் கிரப் பிராம்ப்டில் போய் நிற்பீர்கள், நான் நின்றேன். மெனு வந்தால் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னல் இருக்கும். புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை அதை நீக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவருக்கு எல்லாம் சரியாக முடிந்தும் என்விடியா (கிராஃபிக்ஸ் கார்டு) டிரைவர் மட்டும் வரவில்லை. டிரைவரைக் கட்டத் தேவையான, புது கெர்னலுக்கான லினக்ஸ்-ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லாததால், ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் அதைக் கட்டவே இல்லை. ரீபூட்டுக்கு முன் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் அடித்து, புது எண்ணுக்கு நேராக 'இன்ஸ்டால்டு' என்று இருக்கிறதா பாருங்கள்.