பழைய அடமானம் காலாவதியாகிவிட்டது என்று எழுதும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொத்து ஆவணங்களைப் பார்த்துச் சட்டக் கருத்துரை எழுதத் தொடங்கியிருக்கும் இளம் வழக்கறிஞர்கள் சிலரின் கோப்புகளை அண்மையில் சரிபார்த்தேன். வில்லங்கச் சான்றில் பழைய ஆவண ஒப்படைப்பு அடமானம் (கடனுக்கு ஈடாக மூல ஆவணங்களை வங்கியில் ஒப்படைப்பது) ஒன்று தென்பட்டதும், "12 ஆண்டுகள் கடந்துவிட்டதால் வங்கி இனி இச்சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவர இயலாது" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே வரியை எழுதியிருக்கிறேன். சர்வே எண் பொருந்துகிறதா, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகியிருக்கிறதா என்பவற்றை அவர்களே பார்த்துவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பதிவு நாளிலிருந்து எண்ணுவது

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்ட அட்டவணையில் 62ஆம் இனம், அடமானப் பணத்தை வசூலிக்க வழக்குத் தொடர 12 ஆண்டுகள் என்றுதான் சொல்கிறது; ஆனால் அந்த 12 ஆண்டுகள் பணம் செலுத்த வேண்டியதான நாளிலிருந்து தொடங்குகின்றன. 20 ஆண்டுத் தவணையில் பெற்ற வீட்டுக் கடனுக்கு, பத்திரம் பதிவான நாளை வைத்துக் கணக்குப் போடுவதில் பொருளில்லை. தவணை முடியும் நாள் எது, தவணை தவறியதும் முழுத் தொகையையும் வங்கி திருப்பிக் கேட்டதா என்பதைக் கடன் ஒப்பந்தமும் வங்கியின் அறிவிப்புமே காட்டும்.

ஒப்புகைக் கடிதத்தைத் தேடாமல் விடுவது

எனக்கு இன்றும் ஆற்றாமை தரும் தவறு இதுதான். ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்திய ஒருவர், கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய வணிகக் கடனுக்காகத் தம் வீட்டு ஆவணங்களை 1995இல் ஒரு வங்கியில் ஒப்படைத்திருந்தார். 2009இல் அந்த வீட்டை வாங்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, 14 ஆண்டுகள் ஆகிவிட்டதால் அச்சமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் 5 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்த சில மாதங்களில், நீதிமன்றம் போகாமலேயே அடமானச் சொத்தை வங்கி கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி 60 நாள் கெடு வைத்து வங்கியின் அறிவிப்பு வந்தது. கடன்காரர் 2004இல் "பாக்கியைக் கட்ட அவகாசம் தாருங்கள்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம் வங்கிக் கோப்பில் இருந்தது. காலவரையறை முடியும் முன்பே எழுதப்பட்ட கடிதம் என்பதால், காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து புதிதாக 12 ஆண்டுகள் தொடங்கி, 2016 வரை வங்கியின் உரிமை உயிருடன் இருந்தது. முன்பணத்தை விற்பவர் அதற்குள் செலவழித்துவிட்டார். ஆசிரியர் அதைத் திரும்பப் பெற அலைந்த ஆண்டுகளை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

இத்தகைய கடிதம் பதிவு செய்யப்படுவதில்லை; எனவே எத்தனை ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் அது தெரியாது. வங்கிகள் குறிப்பிட்ட இடைவெளிகளில் கடன் பாக்கியை உறுதிசெய்யும் கடிதம் வாங்கி வைப்பது வெறும் சடங்கன்று. சொத்து அல்லது உரிமையின் சரியான தன்மையைக் குறிப்பிடாவிட்டாலும், பணம் தர மறுப்பதாகச் சேர்த்து எழுதியிருந்தாலும், வங்கிக்கே எழுதாமல் வேறொருவருக்கு எழுதியிருந்தாலும் அது கடனை ஏற்கும் ஒப்புகையாகலாம் என்று அப்பிரிவின் விளக்கமே கூறுகிறது. காலம் முடியாத நிலையில், "இச்சொத்தின் மீது இன்ன வங்கிக்குக் கடன் பாக்கி உள்ளது" என்று விற்பவர் கையெழுத்திடும் விற்பனை உடன்படிக்கை, நாமே எழுதித் தரும் ஒப்புகையாகிவிடக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வங்கிக்கு எழுதும் விசாரணைக் கடிதத்திலும் இதே கவனம் வேண்டும்: கணக்கு அறிக்கையும் கோப்பிலுள்ள கடிதங்களின் நகலும் கேளுங்கள், பாக்கி இருப்பதாக ஒரு சொல்லும் எழுதாதீர்கள். காலத்துக்குள் வட்டியாகவோ அசலாகவோ செலுத்திய சிறு தொகையும், செலுத்தியவரின் கையெழுத்தோடு பதிவாகியிருந்தால், 19ஆம் பிரிவின்படி அதே விளைவைத் தரும். எனவே கணக்கு அறிக்கையின் வரவுப் பத்தியை வரிவரியாகப் படியுங்கள்.

கொரோனா காலத்தை மறப்பது

15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் காலவரையறைக் கணக்கிலிருந்து விலக்கியிருக்கிறது. அவற்றைக் கழித்த பிறகே எண்ணுங்கள்.

அரசுக் கடனுக்கும் 12 ஆண்டு என்பது

தவறு. ஆளுநர் பெயரில் அடமானம் எழுதிப் பெறும் அரசு ஊழியர் வீட்டுக் கடன் போன்றவற்றுக்கு, அரசு வழக்குத் தொடர 112ஆம் இனம் 30 ஆண்டுகள் தருகிறது.

வழக்கு இருக்கிறதா என்று பாராமல் விடுவது

உரிய காலத்துக்குள் வழக்குத் தொடரப்பட்டிருந்தால் கடந்துபோன ஆண்டுகளால் பயனில்லை. தீர்ப்பாணை கிடைத்திருந்தால் அதை நிறைவேற்ற மேலும் 12 ஆண்டுகள் உண்டு. உரிமையியல் நீதிமன்றத்தோடு நிறுத்தாமல் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயங்களிலும் கடன்காரர் பெயரில் தேடுங்கள். அக்கடன், வங்கிகளின் வாராக் கடன்களை வாங்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால் வழக்கு அந்நிறுவனத்தின் பெயரில் இருக்கலாம்.

ஏலம் விட முடியாது என்பதைக் கடன் தீர்ந்தது என்று கொள்வது

எல்லாவற்றையும் பார்த்து, காலம் முடிந்ததென்று உறுதியாகிவிட்டாலும், அற்றுப்போவது வழக்குத் தொடரும் வழி மட்டுமே, கடன் அழிவதில்லை. சர்ஃபேசி சட்டத்தின் 36ஆம் பிரிவு அச்சட்டப்படி சொத்தைக் கைப்பற்றுவதையும் தடுத்துவிடும் என்றாலும், மூல ஆவணங்கள் வங்கியின் பெட்டகத்திலேயே இருக்கும். வில்லங்கச் சான்றின் பதிவும் தானாக நீங்காது. அடமானத்தை மீட்க உரிமையாளர் காலவரையறைச் சட்ட அட்டவணையின் 61ஆம் இனத்தின்படி 30 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்; ஆனால் அப்போது அவர் கடன் தொகையைச் செலுத்தியாக வேண்டும். ஆகவே என் கருத்துரைகளில் "ஏல நடவடிக்கைக்குக் காலம் கடந்தது" என்பதையும் "மூல ஆவணங்களும் ரசீதும் இன்னும் வரவில்லை" என்பதையும் இரண்டு தனிப் பத்திகளாக எழுதுகிறேன்; இரண்டாவது பத்தியைப் படித்த பிறகே முன்பணம் கொடுக்குமாறு வாங்குபவரிடம் நேரில் சொல்கிறேன்.