பச்சோந்திக் கூண்டுக்கு எந்த வலை? பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டுக்குக் கிளம்பும் முன்

கூண்டு செய்யப் போகிறவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "காத்தோட்டம் நல்லா இருக்குமா?" ஓட்டை இருக்கிற எந்த வலையிலும் காற்று போகும். பச்சோந்திக் கூண்டில் வலையைத் தீர்மானிப்பவை வேறு நான்கு: நகம், நாக்கு, புற ஊதா ஒளி, தீனிக்கு விடுகிற கிரிக்கெட் பூச்சியின் பல். இந்த நான்குக்கும் ஒத்துவரும் ஒரே வலை கிடையாது. அதனால் மேல்மூடிக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று பிரித்து வாங்குவதுதான் சரி. கூண்டு முழுக்க ஒரே ரோலைச் சுற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்து மூடியைப் பிரிக்கிற வேலை நிறைய வீடுகளில் நடக்கிறது.

வலைக்கு முன் ஒரு வார்த்தை. நம் ஊர்ப் புதர்க்காட்டில் திரிகிற இந்தியப் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இங்கே பேசுவது வெய்ல்டு, பேந்தர் போன்ற வெளிநாட்டு இனங்களைப் பற்றி. அவையும் சைட்டிஸ் என்ற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கூண்டுக்குச் செலவழிக்கும் முன் அந்தக் காகிதத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

கடையில் பேசுகிற கணக்கு

எஸ்.ஜே.பி. ரோட்டு ஹார்டுவேர் கடைகளில் "மெஷ்" என்றால் புரியும். கன்னடத்தில் ஜாலரி, இந்திக்காரர் கடையில் ஜாலி. "கொசு வலை" என்று மட்டும் கேட்டால் ஃபைபர் வலையைத்தான் எடுத்துப் போடுவார்கள், ஏனென்றால் ஜன்னலுக்கு வாங்குகிறவர்கள் கேட்பது அதைத்தான். இரண்டு எண்களைச் சொல்லிக் கேளுங்கள். மெஷ் எண் என்பது ஒரு அங்குலத்தில் எத்தனை கண் என்பது. கேஜ் என்பது கம்பியின் கனம், எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 18×16 மெஷ், 32 கேஜ் என்றால் ஒரு பக்கம் அங்குலத்துக்கு 18 கண், மறுபக்கம் 16, கம்பி கிட்டத்தட்ட 0.27 மி.மீ.

இதை வைத்து ஒளிக்கணக்கும் போட்டுவிடலாம். 18×16 வலையில் கண்ணின் திறப்பு ஏறக்குறைய 1.1 முதல் 1.3 மி.மீ. மொத்தப் பரப்பில் திறந்திருப்பது மூன்றில் இரண்டு பங்குதான், மீதி கம்பி. அதாவது மேலே வைக்கிற, புற ஊதா ஒளி தரும் யூ.வி.பி. குழல்விளக்கின் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு வலையிலேயே நின்றுவிடும். சாய்வாக வரும் ஒளியில் இழப்பு இன்னும் கூடும். 10 மெஷ், 30 கேஜ் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலையில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் திறந்திருக்கும். அரை அங்குல வெல்டு மெஷ், 19 கேஜ் என்றால் 85 சதவீதம். அதே அரை அங்குலத்துக்குப் பச்சை பி.வி.சி. பூசினால் கம்பி தடித்து, திறப்பு மறுபடி 78 பக்கம் இறங்கிவிடும். பூச்சுப் போட்டதை மேல்மூடிக்கு வாங்க வேண்டாம் என்பதற்கு இதுவே பாதிக் காரணம். பல்பு சூட்டில் அந்தப் பூச்சு இளகும் என்பது மீதிப் பாதி.

எதை விட வேண்டும்

ஃபைபர் வலை: விலை குறைவு, கத்தரிக்கோலால் வெட்டலாம், கறுப்பு நிறத்தில் உள்ளே பளிச்சென்று தெரியும். ஆனால் பசித்த கிரிக்கெட் ஒரே ராத்திரியில் மூலையைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். சூடு பட்டால் பூச்சு உருகும். பிய்ந்த இழை பச்சோந்தியின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று விரலே போகும். நைலான் வலையும், நர்சரியில் கட்டுகிற நிழல்வலையும் இதே கதைதான்.

கோழிவலையின் அறுகோணக் கண்ணுக்குள் குட்டிப் பச்சோந்தியின் தலை நுழையும். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வாங்கும்போது வெள்ளியாய் மின்னும். கூண்டில் தினமும் இரண்டு மூன்று வேளை தண்ணீர் தெளிக்கிறோம். ஈரம் காயாத இடத்தில் துத்தநாகப் பூச்சு வெள்ளைப் பொடியாய்ப் பூக்கும், வெட்டிய முனைகளில் செந்துரு ஏறும். பச்சோந்தி கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்கிற பிராணி அல்ல, இலையிலும் வலையிலும் தொங்குகிற சொட்டை நக்கிக் குடிக்கும். துத்தநாகம் உள்ளே சேர்ந்தால் விஷம். வேறு வழியே இல்லை என்றால் நெய்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுத்த வகையாகப் பார்த்து வாங்கி, வினிகரால் துடைத்துக் கழுவி, இரண்டு வாரம் வெயிலிலும் மழையிலும் போட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். எங்கள் கருத்தில் அந்த மெனக்கெடலுக்குப் பதில் எஸ்.எஸ். வாங்கிவிடுவது மேல்.

எதை வாங்க வேண்டும்

பக்கங்களுக்கு: கறுப்புப் பூச்சுள்ள அலுமினியம், 18×16. பூச்சில்லாத வெள்ளை அலுமினியத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் கரி போலப் படியும், வெளிச்சத்தில் கண்ணையும் கூசும். கறுப்பு கிடைக்காவிட்டால் எஸ்.எஸ். 304, 14 அல்லது 16 மெஷ். "எஸ்.எஸ்." என்று மட்டும் கேட்டால் மலிவான 202 ரகம் வந்துவிடலாம், ஈரத்தில் அது புள்ளி புள்ளியாய்த் துருவேறும். 304 என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

மேல்மூடிக்கு: பூச்சிகளைக் கூண்டுக்குள் அவிழ்த்துவிடுகிறவர் என்றால் எஸ்.எஸ். 304, 10 மெஷ், 30 கேஜ். திறப்பு 2.2 மி.மீ., நடுத்தரக் கிரிக்கெட் வெளியே வராது, ஒளியும் நிறைய இறங்கும். டப்பாவில் வைத்துத்தான் தீனி போடுவேன் என்பவர் துணிந்து அரை அங்குல எஸ்.எஸ். வெல்டு மெஷ் போடலாம், நகத்துக்கும் அதுதான் இதம். மூடிக்குக் கண்ணாடியோ அக்ரிலிக்கோ கூடவே கூடாது. சாதாரணக் கண்ணாடி யூ.வி.பி.யைக் கிட்டத்தட்ட முழுதாகவே தடுத்துவிடும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் மூன்று. நான்கு அங்குலத் துண்டு கேளுங்கள், தருவார்கள். மடித்து விடுங்கள்: மடிப்பு அப்படியே நின்றால் உலோகம், நிமிர்ந்துகொண்டால் ஃபைபர். காந்தத்தை வையுங்கள்: பச்சக்கென்று ஒட்டினால் இரும்பு, அலுமினியமாக இருந்தால் அசையாது, 304 இலேசாக இழுக்கலாம். மூன்றாவது, வெளியே வந்து லைட்டரைக் காட்டுங்கள்: ஃபைபரின் பூச்சு புகைந்து உருகி, உள்ளே வெள்ளை இழை தெரியும். வீட்டுக்கு வந்ததும் ஒரு டப்பாவின் வாயில் அந்தத் துண்டைக் கட்டி, ஐந்தாறு பெரிய கிரிக்கெட்டைத் தீனியில்லாமல் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அதைவிடப் பெரிய பரிசோதகர் யாருமில்லை.

எவ்வளவு வாங்க வேண்டும்

வளர்ந்த வெய்ல்டு அல்லது பேந்தருக்கு 2×2×4 அடிக் கூண்டு. நான்கு பக்கமும் வலை என்பது ஈரமான கடலோர ஊருக்குச் சரி. பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. மார்ச், ஏப்ரல் மதியத்தில் காற்று வறண்டு, தெளித்த தண்ணீர் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். டிசம்பர் இரவில் 15 டிகிரிக் குளிர் நேராக உள்ளே வரும். அதனால் பின்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் 5 மி.மீ. சன்போர்டால் (பி.வி.சி. நுரைப் பலகை) அடைத்துவிட்டு, முன்கதவு, வலப்பக்கம், மேல்மூடி மூன்றுக்கும் மட்டும் வலை போடுங்கள்.

பக்க வலைக்கு 4 அடி அகல ரோலைக் கேளுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சட்டத்தின் உயரம் சரியாக 48 அங்குலம் என்றால் பிடித்து இழுக்க விளிம்பே மிஞ்சாது. சட்டத்தை 46 அங்குலமாகச் செய்யுங்கள், மேலும் கீழும் ஒவ்வொரு அங்குலம் கிடைக்கும். அகலம் 24, அதற்கு 26 அங்குலத் துண்டு. இரண்டு துண்டுக்கு 52 அங்குலம், அதாவது நாலே கால் அடிக்கு ஒரு அங்குலம் கூட. 5 அடி வாங்கினால் போதும். விலை சொல்லும்போது அது சதுர அடிக்கா, ஓட்ட அடிக்கா (ரோலின் நீளத்துக்கு மட்டும்) என்று கேட்டுக்கொள்ளுங்கள். 4 அடி அகலத்தில் இரண்டுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம்.

சட்டத்துக்குக் கொசுவலை ஜன்னலுக்கான அலுமினிய செக்‌ஷன். 12 அடி நீளத்தில் வரும். 46×24 சட்டம் ஒன்றுக்கு 140 அங்குலம், ஒரு நீளத்தில் ஒரு சட்டம், ரம்பச் சேதாரம் போகச் சரியாக இருக்கும். மூன்றாவது நீளத்தில் மேல்மூடியும், மிச்சத்தில் இரண்டு பக்கங்களுக்குமான 22 அங்குலக் குறுக்குச் சட்டமும் வந்துவிடும். அந்தக் குறுக்குச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். வலையை இழுத்துப் பொருத்தும்போது நடுப்பகுதி உள்ளே வளைந்து, சட்டம் உடுக்கை மாதிரி ஆவதைத் தடுப்பது அதுதான். மூடியை மட்டும் கடைசியில் அளந்து வெட்டுங்கள். பெட்டியை நிறுத்தி, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அதன் உண்மையான அளவு தெரியும்.

பொருத்துவது

வலையைச் சட்டத்தின் பள்ளத்தில் பிடித்துவைக்கிற ரப்பர் பீடிங்கைத் தனியாக வாங்காதீர்கள். செக்‌ஷனில் ஒரு சின்னத் துண்டைக் கையில் கொண்டுபோய், பள்ளத்தில் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் வலைக்கு இறுக்கமாக இருக்கும் பீடிங், உலோக வலைக்குச் சில சமயம் உள்ளேயே போகாது. ஒரு சைஸ் மெலிதாக வேண்டிவரும்.

சட்டத்தைச் சமதரையில் படுக்கவைத்து, வலையைக் கம்பி வரிசை சட்டத்துக்கு நேராக வரும்படி விரியுங்கள். நீளப்பக்கம் ஒன்றில் பீடிங்கை மூலையிலிருந்து ரோலரால் அமுக்கிக்கொண்டே போங்கள், பிறகு எதிர்ப்பக்கம், கடைசியில் இரண்டு குறுகிய பக்கங்கள். அலுமினிய வலையை மத்தளத் தோல் மாதிரி இழுக்காதீர்கள். ரோலர் சறுக்கி ஒருமுறை மடிப்பு விழுந்தால் அது போகவே போகாது. மிச்ச விளிம்பைப் பீடிங்குக்கு வெளிப்புறமாகக் கத்தியால் அறுத்துவிடுங்கள். பீடிங் உள்ள பக்கம் கூண்டுக்கு வெளியே வர வேண்டும், அறுத்த முனைகள் விலங்கின் பக்கம் தெரியவே கூடாது.

வெல்டு மெஷ் பீடிங்குக்கு அடங்காது. அதைத் தகரக் கத்தரியால் வெட்டி, அரை அங்குல அலுமினியப் பட்டியை மேலே வைத்து நான்கு அங்குலத்துக்கு ஒரு எஸ்.எஸ். திருகு போடுங்கள். வெட்டும்போது கம்பி முள்ளை விடாமல் குறுக்குக் கம்பியை ஒட்டி வெட்டவும்.

பிறகு கவனிக்க வேண்டியவை

விளக்கு. டி5 எச்.ஓ. (மெலிந்த, கூடுதல் ஒளி தரும் வகை) 6 சதவீத யூ.வி.பி. குழல் என்றால், அதிலிருந்து குளிர்காயும் கிளை 8 முதல் 9 அங்குலம் கீழே இருக்கும்படி தொடங்குங்கள். கிளையில் யூ.வி. குறியீடு 3 பக்கம் வர வேண்டும். அதை அளக்கிற சோலார்மீட்டர் 6.5 கருவி யாரிடமாவது இரவல் கிடைத்தால் அளந்துவிடுங்கள். வலையை மாற்றினால் இந்தத் தூரமும் மாறும். 18×16 மூடியை எடுத்துவிட்டு அரை அங்குலத்தைப் போட்டவர்கள் கிளையை அங்கேயே விட்டால் ஒளி அதிகமாகிவிடும். சூட்டு பல்பை வலைமேல் நேராக வைக்காதீர்கள், சில அங்குலம் உயர்த்துங்கள். மூடியில் தலைகீழாகத் தொங்கும் பச்சோந்தி சூட்டை உணர்ந்து விலகுவதற்குள் தலைமுகடு வெந்துவிடும்.

நாக்கு. மாலையில் விளக்கைப் பார்த்து வருகிற விட்டில், முதல் மழைக்குப் பிறகு வருகிற ஈசல், எல்லாம் வலையின் வெளிப்பக்கம் உட்காரும். உள்ளே இருப்பது குறிவைத்து நாக்கை வீசும். ஒட்டும் நுனி கம்பியில் அப்பிக்கொள்ளும், பூச்சியும் வராது. பலமுறை இப்படி ஆனால் நாக்குத் தசை சேதமாகும். பொழுது சாய்வதோடு விளக்கு அணைய ஒரு டைமர் போதும்.

நகம். பச்சோந்தி நாள் முழுக்க வலையில் ஏறி இறங்கினால் குறை வலையில் இல்லை, உள்ளே கிளை போதவில்லை. வலையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உள்ளே, விரல் தடிமனுக்குக் குறுக்குக் கிளைகளை வெவ்வேறு உயரத்தில் கட்டுங்கள். எதிரே கண்ணாடியோ இன்னொரு பச்சோந்தியோ தெரிந்தாலும் இப்படித்தான் ஏறும். பாதம் வீங்கினாலோ, நகம் ஒடிந்து கறுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

தண்ணீர். போர்வெல் தண்ணீரைத் தெளித்தால் இரண்டே மாதத்தில் வலைக்கண்களில் வெள்ளை உப்பு கட்டும். மூடியில் கட்டினால் அது யூ.வி.பி.யையும் சேர்த்து மறைக்கும். ஆர்.ஓ. தண்ணீர் தெளியுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டதென்றால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் தேய்த்து, ஐந்து நிமிடத்துக்குள் நன்றாகக் கழுவிவிடுங்கள், ஊறவிட்டால் அலுமினியம் கறுக்கும். மூடியைக் கழுவிக் காய்ந்ததும் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள், அடைந்த கண்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.