பனங்கை வைரத்தில் மடக்குக் கத்திக்குப் பிடி: ஒட்டு விட்டுப்போனதைச் சரிசெய்த விதம்

91 மில்லிமீட்டர் சுவிஸ் மடக்குக் கத்திக்குப் பனை வைரத்தில் (பனைமரத்தின் கடினமான வெளிப்பகுதியில்) போட்ட பிடி, ஐப்பசி மழையில் ஒரு முனை தூக்கிக்கொண்டது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் ஏறினால் மெல்லிய பலகை வளையும். நான் போட்டிருந்த உடனடிப் பசை வளைந்து கொடுக்காது, விட்டுவிடும். பிடி ஒட்டும் உலோக உள்தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது.

மறுபடி செய்தது இப்படி. பழைய ஓட்டு வீட்டுக் கூரையைத் தாங்கிய பனங்கையின் கருத்த வெளிப்பகுதியில் மூன்றரை மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு துண்டு. நடுவிலுள்ள மென்மையான சோறு உதவாது. அறுத்ததும் நீர்த்த உடனடிப் பசையை நாருக்குள் ஊறவிட வேண்டும். இல்லையென்றால் கறுப்பு நார் சிலாம்பாக எழும்பிக் கையில் ஏறும். பிறகு கண்ணாடிமேல் 120, 240, 400 எண் உப்புத்தாள். தூசிக்கு முகக்கவசம் கட்டாயம்.

தகட்டில் துருத்தி நிற்கும் ரிவெட் தலைகளுக்குக் குழி சரியான இடத்தில் விழ, தலைகளில் சாந்துப் பொட்டைத் தொட்டு வைத்துப் பலகையை அழுத்தினேன். புள்ளி அச்சாக விழுந்தது. துளை ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம்தான். டிரில் முனையில் டேப் சுற்றி அடையாளம் வைக்காவிட்டால் மறுபக்கம் பொத்துவிடும்.

தகட்டை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தின்னரால் துடைத்து, எபாக்சி (இரண்டு பாகம் கலந்து போடும் பசை) தடவி, கிளாம்பில் பிடித்து 24 மணி நேரம். கிளாம்பை அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது, பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறிவிடும். பசை உள்ளே ஒட்டாமல் இருக்க, அலகுச் சந்துகளில் முன்பே வாஸ்லைன் தடவுங்கள். கடைசியில் ஓரங்களுக்கும் சேர்த்து மூன்று பூச்சு ஆளிவிதை எண்ணெய்.