பூஞ்சை திரும்பத் திரும்ப வருகிறதா? முதலில் சுவருக்குள் இருக்கும் தண்ணீரைத் தேடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வெயில் காய்கிற பூமி, இங்கே ஓதம் ஏது என்று பலர் நினைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பீரோவைச் சற்று நகர்த்திப் பாருங்கள். பின்சுவரில் கறுப்புப் புள்ளிகள் படர்ந்திருந்தால், துடைத்துவிட்டுப் பெயின்ட் அடிப்பதில் பயனில்லை. அடுத்த மழைக்கு அதே இடத்தில் முளைக்கும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள்.

படி 1: கறை எந்த உயரத்தில் இருக்கிறது?

தரையிலிருந்து கிளம்பி இடுப்பு உயரத்துக்குள் நின்றுவிட்டால், பெரும்பாலும் மண்ணின் ஈரம் கடைக்கால் வழியாக ஏறுகிறது. விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை உப்புப் பொடி ஒட்டும். பூச்சு பொலபொலவென்று உதிரும். நம் பக்கத்துப் பழைய வீடுகளுக்குக் கருங்கல் கடைக்கால்தான். கருங்கல் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சாந்து உறிஞ்சும். அதற்கு மேல் ஈரத்தடுப்புப் பூச்சு இல்லாவிட்டால் சுவரில் ஏறும்.

கூரை ஓரத்தில் கறை என்றால் மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, கைப்பிடிச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். குளியலறையை ஒட்டிய சுவர் என்றால் குழாயைச் சந்தேகியுங்கள்.

படி 2: பிளாஸ்டிக் தாள் சோதனை

செலவே இல்லாத இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். சுவரைத் துடைத்து உலரவிட்டு, ஒரு முழ அகலமுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால், காற்றில் உள்ள ஆவி குளிர்ந்த சுவரில் படிகிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வீடுகளில் மார்கழிக் குளிருக்கு ஜன்னலை அடைத்து, உள்ளேயே ஈரத்துணி உலர்த்தினால் இப்படி ஆகும். அதற்கு ஜன்னலைத் திறப்பதும், பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைப்பதும் பெரிய வைத்தியம்.

படி 3: குழாய்க் கசிவு

இரவு எல்லாக் குழாய்களையும் அடைத்து, மாடித் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். யாரும் புழங்காமலே விடிவதற்குள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. இறங்கவில்லை, சுவர் மட்டும் நனைகிறது என்றால் கழிவுநீர்க் குழாயையும் குளியலறைத் தரை ஓடுகளின் இடுக்குகளையும் கொத்தனாரிடம் காட்டுங்கள்.

படி 4: வழியை அடைப்பது

சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் பல வீடுகளின் வெளிமண் உள்தரை மட்டத்துக்கே வந்துவிட்டது. சுவரோரம் அந்த மண்ணை வெட்டி, உள்தரையைவிட அரை அடியாவது தாழ்த்துங்கள். மழைநீர் சுவரைவிட்டு விலகி ஓட வாட்டம் கொடுங்கள். ஈரச் சுவர்மேல் டைல்ஸ் ஒட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும்.

படி 5: சுத்தம் செய்வது

வீசிங் உள்ளவர்களையும் குழந்தைகளையும் அந்த அறைக்குள் விடவே கூடாது. என்95 முகக்கவசம், கையுறை அணிந்து, சோப்புத் தண்ணீரால் நனைத்த பிறகே தேயுங்கள். உலர்ந்த பூஞ்சையைச் சுரண்டினால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பூஞ்சை ஏறிய பஞ்சுத் தலையணையைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

உதிரும் பூச்சைக் கொத்தி எடுத்துப் பல வாரங்கள் காயவிடுங்கள். மீண்டும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்து, உட்புறம் உலர்ந்திருந்தால் மட்டும் பூசுங்கள். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே நல்லது. மிச்சமுள்ள ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும்.