வடசென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையைப் பார்க்க வருகிறவர்களில் நிறையப் பேர் சென்ட்ரலில் இறங்கி, நேராகத் தெற்கே போய், மெரினா, மயிலாப்பூர், தி.நகர், அப்புறம் ஒரு நாள் மாமல்லபுரம் என்று முடித்துக்கொண்டு, மறுபடி சென்ட்ரலுக்கே வந்து ரயில் ஏறிவிடுகிறார்கள். இந்த நகரம் தொடங்கிய இடமே அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், வடக்கும் கிழக்குமாக இருக்கிறது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். மெட்ரோ வந்த பிறகு எங்கள் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வருகிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் வருகிறவர்கள் பூட்டிய கதவையும் காலியான மார்க்கெட்டையும் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று திரும்பும்போது வருத்தமாக இருக்கிறது. இணையத்தில் பட்டியல் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அதில் இடங்களின் பெயர் இருக்கிறது, எந்தக் கிழமை, எந்த நேரம் என்பது இல்லை. வடசென்னையில் இடத்தைவிட நேரம் முக்கியம். இது உழைக்கிற ஊர். துறைமுகமும் மண்டிகளும் ஒர்க் ஷாப்புகளும் அதனதன் நேரத்தில் நடக்கும், பார்க்க வருகிறவர்தான் அந்த நேரத்துக்கு வர வேண்டும்.

மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை, பத்து மணிக்கு வந்து நின்றால் கழுவிவிட்ட தரையும் வலை பழுது பார்க்கிறவர்களும்தான் கண்ணில் படுவார்கள். ஏலம் இருட்டிலேயே தொடங்கிவிடும். விசைப்படகிலிருந்து கூடை கூடையாக வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கடம்பா, இறால் இறங்க, விலை கூவுகிற குரலும் அதற்கு மேல் குரல் கொடுக்கிற வியாபாரி அக்காக்களும், ஐஸ் உடைக்கிற சத்தமும் டிரைசைக்கிள் ஹாரனும் சேர்ந்து, விடியும்போது அந்த இடம் இருக்கும் இருப்பே வேறு. அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்காவது அங்கே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மீன் வாங்குகிற கூட்டம் மொத்தமும் அங்கேதான், நிற்க இடம் இருக்காது. முதல் தடவை வருகிறவர்களுக்கு வார நாள் நல்லது. வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளை உடை வேண்டாம். கூடை தூக்கி வருகிறவர் "வழி, வழி" என்றால் உடனே ஒதுங்குங்கள், அவர் தலையில் இருக்கும் கனத்தோடு நின்று காத்திருக்க முடியாது.

இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற காலம் என்பதால் கிழக்குக் கரை முழுவதும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளி விடுமுறை என்று மே மாதம் குடும்பத்தோடு வருகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. வரிசையாகக் கட்டிப்போட்ட படகுகளைப் பார்க்கலாம், சின்ன ஃபைபர் படகுகளில் வரும் கொஞ்சம் மீனைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கடற்கரை விஷயத்தில் நடப்பது ஆபத்தான தவறு. மெரினாவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் அதே மாதிரி மணல் இருக்கும், இறங்கிக் குளிக்கலாம் என்று நினைக்கிறார்கள். இங்கே பல இடங்களில் இருப்பது மணல் இல்லை, கொட்டிவைத்த பாறை. அதற்குக் காரணம் இருக்கிறது. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியதும் அந்த மணல் அங்கேயே தடுக்கப்பட்டுவிட்டது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்குப் பக்கம் வர வேண்டிய மணல் வராமல் கரை அரித்துக்கொண்டே போனது. தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போய்விட்டன என்று இங்கே வயதானவர்களைக் கேட்டால் இடம் காட்டிச் சொல்வார்கள். மீதியைக் காப்பாற்றத்தான் பாறைகளும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவு என்கிற கல் சுவர்களும். மெரினாவில் நீங்கள் நடந்த அந்த மணலில் ஒரு பங்கு எங்கள் கரைக்கு வந்து சேர வேண்டியது. ஆக, பாறைமேல் ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள், பாசி பிடித்து வழுக்கும், அலை எப்போது மேலே ஏறும் என்று சொல்ல முடியாது. கரைமேல் நின்று பாருங்கள், போதும்.

திருவொற்றியூர் கோயிலுக்கு மத்தியானம் ஒரு மணிக்கு வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலான கோயில்களைப் போலவே மதியம் நடை சாத்தி, சாயந்திரம்தான் திறப்பார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் பார்த்துவிட்டு, தங்கியிருக்கிற இடத்தில் குளித்து உடை மாற்றிக்கொண்டு, ஒன்பது மணிக்குள் இங்கே வந்துவிட்டால் நிதானமாகச் சுற்றலாம். அவசரமாக வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு ஓடுகிற கோயில் இல்லை இது. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த தலம், அதற்குச் சாட்சி சொன்ன மகிழமரம் என்று ஒரு கதையே இருக்கிறது. இங்கே மூலவர் ஆதிபுரீஸ்வரர் மேல் ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியிருக்கும், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுப்பார்கள். அந்த மூன்று நாளும் தரிசனத்துக்கு வருகிற கூட்டம் தெருவெல்லாம் நிற்கும். பக்தியோடு வருகிறவர்களுக்கு அதுதான் சரியான நாள், கல்வெட்டும் சிற்பமும் பார்க்க வருகிறவர்கள் அந்த நாட்களையும் வெள்ளி, பௌர்ணமியையும் தவிர்ப்பது நல்லது. தேரடி மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போகலாம். கோயிலோடு திரும்பிவிடாமல் கடற்கரைப் பக்கம் இருக்கும் பட்டினத்தார் சமாதிக்கும் போங்கள். பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கேதான் முக்தி என்று கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவருக்கு, அது இனித்த ஊர் இது. பெரிய கோபுரமெல்லாம் கிடையாது, சின்ன இடம், அமைதியாக உட்கார்ந்திருக்கலாம்.

கோட்டைக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிதான் விடுமுறை, ஞாயிறு இல்லை. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உள்ளே இருப்பதால் வாசலில் சோதனை கட்டாயம், அடையாள அட்டை இல்லாமல் வந்து நிற்காதீர்கள். சட்டமன்றம் கூடுகிற நாட்களில் கெடுபிடி இன்னும் அதிகம். அருங்காட்சியகத்தில் ஓவியங்களையும் பீரங்கியையும் பார்த்துவிட்டு, 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியைக் கவனிக்காமல் வெளியே வந்துவிடுகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டாவது அதன் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பக்கத்திலேயே 1680-ல் கட்டிய புனித மேரி தேவாலயம். ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்தது அங்கேதான், 1753-ல்.

ஜார்ஜ் டவுனுக்கு இதற்கு நேர்மாறு. அங்கே ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலான கடைகளின் ஷட்டர்தான் தெரியும். கட்டடங்களை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது வசதிதான், கூட்டம் இல்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம். ஆனால் ஜார்ஜ் டவுன் என்பது அதன் வியாபாரம்தான். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகையும் காகிதமும், காசிச்செட்டித் தெருவில் ஃபேன்சி சாமான் என்று தெருவுக்கு ஒரு தொழில். வார நாளில் பதினோரு மணிக்கு மேல் போனால் மூட்டை இறக்குகிறவர்கள், தள்ளுவண்டி, டீ கொண்டு போகிற பையன் எல்லாம் ஒன்றாக நகர்கிற அந்தக் கூட்டத்தில் நீங்களும் நடப்பீர்கள். இது மொத்த வியாபாரம் நடக்கிற இடம், ஒரே ஒரு பீஸைக் கையில் எடுத்து அரைமணி நேரம் பேரம் பேசாதீர்கள், அவர்களுடைய நேரம் போகிறது. பர்மா பஜாரில் எலக்ட்ரானிக் பொருள் வாங்கினால் அங்கேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள், வாரன்டி எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தத் தெருக்களில் கூகுள் மேப் காட்டுகிற "முக்கிய இடம்" மட்டும் தேடினால் நிறைய விட்டுப்போகும். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், 1677-ல் சிவாஜி வந்து வணங்கியதாகச் சொல்வார்கள். கந்தகோட்டத்தில் இருப்பது வள்ளலார் சிறு வயதிலேயே பாடிய முருகன். அவர் வாழ்ந்த வீடு ஏழுகிணறு பக்கம், அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அரண்மனைக்காரன் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மீனியன் தேவாலயம் இருக்கிறது, சுவருக்குப் பின்னால் இருப்பதால் பக்கத்திலேயே போகிறவர்களுக்கும் தெரியாது. உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-ல் வெளிவந்தது இந்தச் சென்னையிலிருந்துதான், அதை நடத்திய பாதிரியார் அந்த வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். உயர் நீதிமன்றத்தின் மதில் ஓரம் எம்டன் குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் கடலில் நின்று சுட்டுவிட்டுப் போனது. நீதிமன்ற வளாகத்துக்குள் கண்டபடி நுழைய முடியாது, உள்ளே கேமராவும் எடுக்காதீர்கள், வெளியிலிருந்து பார்ப்பதற்கே அந்தச் சிவப்புக் கட்டடம் போதும்.

கார் எடுத்துக்கொண்டு வருவது இன்னொரு பெரிய தவறு. ஜார்ஜ் டவுனில் நிறுத்த இடம் கிடையாது, எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். சென்ட்ரலிலிருந்து உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் என்று ஒரே மெட்ரோ வழி, 2021 பிப்ரவரியிலிருந்து ஓடுகிறது. ராயபுரத்துக்கு மட்டும் பீச் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலில் ஒரு ஸ்டேஷன் போங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பியது இந்த ஸ்டேஷனிலிருந்துதான், அந்தத் தூண் வைத்த முகப்பு இன்னும் நிற்கிறது, இதைப் பார்க்காமல் போகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது. ரயிலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போங்கள், திங்கட்கிழமை விடுமுறை.

சாப்பாட்டிலும் இதே நேரக் கணக்குதான். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட வேண்டும் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து தேடுகிறார்கள். அது சாயந்திரத்துக் கடை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு, சம்பாதித்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்தது அந்தச் சமையல். நூடுல்ஸில் முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டெண்ணெய், நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு தட்டை எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். முட்டையைக் கீறி வறுத்த வெங்காயம் அடைத்துத் தருவதையும் கேட்டு வாங்குங்கள். செளகார்பேட்டையில் தங்கசாலைத் தெருப் பக்கம் சாட், ஜிலேபி, லஸ்ஸி எல்லாமும் பொழுது சாய்ந்த பிறகுதான் களைகட்டும்.

கடைசியாகச் சொல்கிறேன் என்பதற்காக இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: சினிமாவில் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். கத்தியும் ரவுடியும்தான் வடசென்னை என்று நினைத்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் புகுந்து, வாசலில் தண்ணீர் பிடிக்கிற பெண்களையும் திண்ணையில் படுத்திருக்கிற தாத்தாவையும் கேட்காமல் படம் பிடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். அது அவர்கள் வீட்டு வாசல். உங்கள் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்று படம் எடுத்தால் நீங்கள் என்ன கேட்பீர்களோ அதைத்தான் அவர்களும் கேட்பார்கள், அதை வம்பு என்று எழுதுவது நியாயமே இல்லை. "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா", "அக்கா, இது என்ன மீன்" என்று கேட்டுப் பாருங்கள், வழி சொல்வதோடு விடாமல் கூடவே வந்து காட்டுவார்கள். தெருமுனையில் கேரம் ஆடுகிறார்களா, நின்று பாருங்கள்; 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா இந்தப் பக்கத்துப் பெண். வியாசர்பாடியில் சாயந்திரம் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிற மைதானத்துக்குப் போய் ஓரமாக நின்றாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அடக்கி, அதோடு பழவேற்காட்டையும் சேர்த்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். அது இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல், திருவள்ளூர் மாவட்டம், தனியாக ஒரு நாள் வேண்டும். பூநாரைகள் வருவது குளிர்காலத்தில். டச்சுக்காரர்களின் கல்லறைகளைக் காலை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம். படகில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று கரையில் யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள்; 2011 கிறிஸ்துமஸ் அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சுற்றிப் பார்க்க வந்தவர்கள்தான். வடசென்னைக்கு மட்டும் ஒரு நாள் இருக்கிறது என்றால் செவ்வாய், புதன், வியாழன் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: விடியலில் காசிமேடு, காலையில் திருவொற்றியூர், மத்தியான வெயிலுக்குக் கோட்டை அருங்காட்சியகம், மூன்று மணிக்கு மேல் ஜார்ஜ் டவுன் தெருக்கள், இருட்டியதும் அத்தோ. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வந்தால் மழை எச்சரிக்கை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், வியாசர்பாடி கணேசபுரம் மாதிரியான சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றுவிட்டால் ஆட்டோ கூடச் சுற்றித்தான் போகும்.