பழைய ஐ7-ஆ, புதிய ஐ3-ஆ: ரங்கூன் வெயிலில் பிராசசரை அளந்து பார்ப்பது எப்படி

இன்டெல் பிராசசரில் (கம்ப்யூட்டரின் மூளையான சில்லு) ஐ7 என்றால் வேகம், ஐ3 என்றால் மட்டம் என்ற கணக்கு ஒரே தலைமுறைக்குள் மட்டும்தான் செல்லும். 2013இல் வந்த கோர் ஐ7-4770, 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100 இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் நான்கு கோர் (வேலை செய்யும் பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை வரிசை). பழையது 3.9 கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை நூறு கோடி துடிப்பு என்ற அளவு) வரை ஓடும், புதியது 4.3 வரை. எண்ணை மட்டும் பார்த்தால் பத்து சதவீதம்தான் வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் புதியது முடிக்கும் வேலை மிக அதிகம். 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ 2006இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டூவோ தாண்டிப் போனதும் இப்படித்தான்.

எனவே பெயரையும் எண்ணையும் விட்டுவிட்டு அளந்து பாருங்கள். ஒரே வேலை, ஒரே அறை, எத்தனை நொடி, எத்தனை வாட். இந்த வாட் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அதுதான் பாதி விஷயம்.

முதலில் சிபியு-இசட் நிரலைத் திறந்து பிராசசரின் முழுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐ7-4770க்குப் பின்னால் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது குறைந்த மின்சாரத்தில் மெதுவாக ஓடும் வகை. எழுத்தில்லாததோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அதே நிரலின் மெமரி பக்கத்தில் ரேம் ஒற்றைச் சேனலா (பிராசசரோடு ஒரு பாதை), இரட்டையா (இரண்டு பாதை) என்றும் பாருங்கள். 8 ஜிபி ஒன்று போட்ட கம்ப்யூட்டரை 4 ஜிபி இரண்டு போட்டதோடு ஒப்பிடுவது நியாயமில்லை. பிராசசர் வேகத்துக்குப் புள்ளி போடும் சினிபெஞ்ச் நிரலில் இது அதிகம் தெரியாது, கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் நிரலின் சோதனையில் நன்றாகவே தெரியும்.

அடுத்து சுத்தம். பத்து வருஷம் ஓடிய கம்ப்யூட்டரில் ஹீட்சிங்க் (பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) இடுக்கெல்லாம் தூசி அடைத்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். இதைச் செய்யாமல் அளந்தால் நீங்கள் அளப்பது பிராசசரை அல்ல, தூசியைத்தான். அறை பத்து டிகிரி சூடேறினால் சில்லும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். ஏப்ரலில் வெளியே 37 டிகிரி கொளுத்தும்போது ஒன்றையும், மழைக்காலத்தில் இன்னொன்றையும் சோதித்துவிட்டு ஒப்பிடாதீர்கள். சோதனை முழுக்க சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூ-இன்ஃபோ நிரல் திறந்திருக்கட்டும். சூடு 100 டிகிரியைத் தொட்டு, ‘தெர்மல் த்ராட்லிங்’ (சூட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்வது) வரியில் ‘யெஸ்’ என்று வந்தால் அந்த அளவைத் தூக்கிப் போடுங்கள்.

விண்டோஸ் ஏறியதும் கால் மணி நேரம் சும்மா விடுங்கள். அப்டேட்டும் ஆன்டிவைரஸும் பின்னால் ஓடி முடியட்டும். பிறகு சினிபெஞ்ச் ஆர்23இல் ஒற்றைக் கோர், எல்லாக் கோர் இரண்டையும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஆர்20, 2024 போன்ற வேறு பதிப்புகளின் புள்ளிகளை இதோடு கலக்கக் கூடாது, அளவுகோலே வேறு. எழுத்து, கணக்கு, பிரவுசர் வேலைக்கு ஒற்றைக் கோர் எண்தான் முக்கியம். வீடியோ வேலைக்கு எல்லாக் கோர் எண்.

அதைவிட நம்பகமானது உங்கள் சொந்த வேலை. ஒரு கல்யாண வீடியோவைப் பென்டிரைவிலிருந்து இரண்டு கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டிக்கும் நகலெடுத்து, வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் நிரலில் ஒரே அமைப்பில் மாற்றுங்கள். அதில் என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் முறை) ‘எக்ஸ்264’ ஆக இருக்க வேண்டும். ‘குவிக் சிங்க்’ தேர்ந்தெடுத்தால் வேலை பிராசசரில் உள்ள தனி வீடியோப் பகுதிக்குப் போய்விடும், கோர்களின் வேகம் தெரியாது. மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள்.

சுவர் பிளக்கில் வாட் மீட்டர் மாட்டிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, பழையது 110 வாட்டில் 20 நிமிடமும், புதியது 90 வாட்டில் 11 நிமிடமும் எடுத்தால், முதலாவதற்கு 36.7 வாட்-மணி, இரண்டாவதற்கு 16.5. இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி என்றால் பெயரளவில் 1200 வாட்-மணி. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 600ஐக் கணக்கில் வையுங்கள். இன்வெர்ட்டரின் இழப்பைக் கழிக்காமலே பழையதில் 16 வீடியோ, புதியதில் 36. விற்பவர் சொல்லும் சதவீதத்திலும் கவனம் வேண்டும்: 20 நிமிடம் 11 ஆனால் நேரம் 45 சதவீதம் குறைந்தது, வேகமோ 82 சதவீதம் கூடியது.

2013இல் வந்த மதிப்பீடுகளை அப்படியே எடுக்காதீர்கள். 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்த பிறகு பழைய இன்டெல் சில்லுகள் சில வேலைகளில் மெதுவாகின. 4770க்கு விண்டோஸ் 11 ஆதரவும் கிடையாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது.

விலையை ஒப்பிடும்போது சில்லை மட்டும் பார்க்காதீர்கள். 4770 இருக்கும் மதர்போர்டில் 12100 உட்காராது, பழையதில் இருக்கும் டிடிஆர்3 வகை ரேமும் புதிய போர்டில் ஏறாது. போர்டு, ரேம், சில்லு மூன்றையும் சேர்த்து விலை கேளுங்கள். ஐ3-12100எஃப் மலிவாகக் கிடைத்தால், அதில் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.